'இல்லேன்னா' எழுதாதவன்

அவன் 'ஆச்சு' என்று சொன்னால், இன்னும் ஆகவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பாடம் எனக்கு முதல் நாளே கிடைத்துவிட்டது. தேனியில் கம்பம் ரோட்டில், மோட்டார் பம்பு உதிரிபாகக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று காலையில் படியேறி உள்ளே போனதும், மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவன் திரும்பி, "வாங்க, ஒங்களுக்கு டீ சொல்லியாச்சு" என்றான். சொன்ன கையோடு எழுந்து ஜன்னலுக்குப் போய்க் கீழே தலையை நீட்டி, "அண்ணே, மேல ரெண்டு டீ!" என்று கத்தினான். முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. டீ வந்தது, நல்ல சூடாகவும் இருந்தது. ஆனாலும் எனக்கு உள்ளே என்னவோ உறுத்திக்கொண்டே இருந்தது.

நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. பூட்டின பூட்டைத் திரும்ப வந்து இழுத்துப் பார்ப்பவன். பஸ்ஸில் போர்டு பார்த்து ஏறி உட்கார்ந்த பிறகும் "இது சின்னமனூர் போகும்ல?" என்று பக்கத்து சீட்டுக்காரரை நச்சரிப்பவன். என் தங்கை என்னைப் 'போலீஸ்காரரு' என்றுதான் சொல்வாள். அப்படிப்பட்ட என்னை இப்படிப்பட்டவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தது யார் செய்த புண்ணியமோ தெரியவில்லை.

நாங்கள் செல்போன் விளையாட்டுகள் செய்துகொண்டிருந்தோம். பட்டன் போன்களின் காலம் அது, இரண்டாயிரத்து எட்டு வாக்கில். பெங்களூரில் ஒரு கம்பெனி வேலை கொடுக்கும். முதலாளி அங்கே இருந்துவிட்டு ஊர் திரும்பியவர், படங்களை அவர் வரைவார். விளையாட்டு எப்படி ஓடவேண்டும் என்று போனுக்குச் சொல்கிற ஸ்கிரிப்டை எழுதுவது நானும் அவனும். முதல் பெரிய வேலையாக எங்களுக்குக் கிடைத்தது ஒரு ஜீப் விளையாட்டு. கம்பத்தில் காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏலக்காய் எஸ்டேட்டுக்கு மலையேறுகிற ஜீப். வழியில் கொண்டை ஊசி வளைவு, செக்போஸ்ட், குறுக்கே வரும் மாடு, திடீர் மழை. பெங்களூர்க்காரர்கள் அதை எங்கள் முதலாளியின் கற்பனை என்று பாராட்டினார்கள். அவருக்கு எதற்குக் கற்பனை? ஜன்னலைத் திறந்தால் ரோட்டில் போகிறது.

விளையாட்டு ஸ்கிரிப்டில் பூலியன் என்று ஒன்று உண்டு. அதற்குள் இரண்டே இரண்டு சங்கதிதான் இருக்க முடியும், ட்ரூ அல்லது ஃபால்ஸ். ஆமாம், அல்லது இல்லை. நடுவில் 'பார்க்கலாம்' கிடையாது. செக்போஸ்ட் கேட் திறந்திருக்கிறதா, ஆட்கள் ஏறிவிட்டார்களா, மழை பெய்கிறதா, ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒன்று வைப்போம், அதை ஃபிளாக் என்போம். ஆரம்பத்தில் ஃபால்ஸ் என்று இருக்கும். காரியம் நடந்தால் ட்ரூ ஆகும். விளையாட்டு முழுக்க அந்த ஃபிளாக்கைப் பார்த்துப் பார்த்துத்தான் ஓடும்: ட்ரூவாக இருந்தால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய்.

நான் என் ஃபிளாக்குகளுக்கு முறையாக இங்கிலீஷில் பெயர் வைப்பேன், 'ஈஸ் கேட் ஓப்பன்' என்று. அவன் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதுவான்: 'கேட் தொறந்தாச்சு', 'ஆள் ஏத்தியாச்சு', 'மழ நின்னாச்சு'. என் ஃபிளாக் கேள்வி கேட்கும். அவன் ஃபிளாக் செய்தி வாசிக்கும். அதுவாவது போகட்டும், பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாம். அவன் எழுதின ஸ்கிரிப்டை முதல் தடவை திறந்து பார்த்தேன். எல்லா ஃபிளாக்கும் ஆரம்பமே ட்ரூ.

"என்ன பங்காளி இது? ஜீப்பு இன்னும் கம்பத்தையே தாண்டல, அதுக்குள்ள செக்போஸ்ட்டுல கேட்டத் தொறந்து வச்சிருக்க?"

"தொறந்திருந்தாத்தான பங்காளி போக முடியும்?"

"மூடியிருந்து தொறக்கணும். அதுதான் விளையாட்டு."

"அது பெறகு பண்ணிக்கிருவோம். சார் நாளைக்கு டெமோ காட்டணும். வண்டி நிக்காமப் போகணும், அம்புட்டுத்தான்."

மறுநாள் டெமோவில் ஜீப் நிற்காமல் போனது. பெங்களூரிலிருந்து வந்தவர் கைதட்டினார். அன்றிலிருந்து நான் அவன் செய்கிற ஒவ்வொன்றையும் ஓரக்கண்ணால் கவனிக்கத் தொடங்கினேன். இவன் யாரை ஏமாற்றுகிறான்? எங்களையா, வந்தவரையா, தன்னையேவா? கேட் விஷயத்தை அவன் பிறகு சரி செய்தான் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். சொன்னபடி, டெமோ முடிந்த அன்று மத்தியானமே.

ஆனால் எல்லாவற்றையும் அப்படிச் சரி செய்தானா என்றால், அதுதான் இல்லை. ஆட்களை ஏற்றுகிற கட்டத்தில் ஒரு கோளாறு வந்தது. கம்பம் நிறுத்தத்தில் தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருவராக ஏறவேண்டும், கடைசி ஆள் ஏறின பிறகு 'ஆள் ஏத்தியாச்சு' ட்ரூ ஆகவேண்டும். இவன் முதல் ஆள் படியில் கால் வைத்ததுமே ட்ரூ ஆக்கிவிட்டான். ஜீப் கிளம்பிவிடும். சில நேரம் கடைசியில் நிற்கிற பெண் ரோட்டிலேயே விடுபட்டுப் போவாள். தூக்குவாளியோடு அந்தச் சின்னப் பொம்மை அங்கேயே நின்றுகொண்டிருக்கும்.

நான் பிடித்துவிட்டேன். எனக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, ஒரு அம்மா நிக்கிது. ஃபிளாக்க மாத்து."

அவன் திரையை உற்றுப் பார்த்தான். சீப்பை எடுத்துத் தலையை வாரினான். யோசிக்கும்போதெல்லாம் அவனுக்குச் சீப்பு வேண்டும். பிறகு முதலாளியிடம் போய், அந்த நிறுத்தத்தில் ஒரு நிழற்குடையும், 'அடுத்த ஜீப்' என்று ஒரு பலகையும் வரைந்து தரச் சொன்னான். அவ்வளவுதான். விடுபட்டவள் இப்போது அடுத்த ஜீப்புக்குக் காத்திருப்பவள் ஆகிவிட்டாள். ஃபிளாக்கில் கையே வைக்கவில்லை! ட்ரூ என்று ஒரு தடவை வைத்துவிட்டால் உலகத்தை அதற்குத் தக்கபடி மாற்றுவானே தவிர, அதைத் திரும்ப ஃபால்ஸ் ஆக்க அவனுக்கு மனசு வராது. பெங்களூர்க்காரர்கள் அந்த நிழற்குடையைத் தனியாகப் பாராட்டினார்கள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அவனுடைய ஸ்கிரிப்டில் இன்னொன்றும் இருக்காது. 'இல்லையென்றால்' என்கிற பகுதி. கேட் திறந்திருந்தால் ஜீப் போகும் என்று எழுதுவான். திறக்காவிட்டால்? எழுத மாட்டான். கேட்டால், "ஆகும் பங்காளி" என்பான். "ஆகலேன்னா?" என்றால், "அட, ஆகும்ங்கிறேன்ல" என்று சிரிப்பான். சுத்தமாக வாரின தலை, பவுடர் போட்ட கழுத்து, பளிச்சென்று பல். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் யாருக்கும் மேலே கேட்கத் தோன்றாது. எனக்கு மட்டும் தோன்றும்.

அவனைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாள் சாயங்காலத்துக்குள் ஒரு கட்டத்தை முடித்துப் பெங்களூருக்கு அனுப்பவேண்டும். கரண்ட் கட் தலைவிரித்தாடின வருஷம். மத்தியானம் போன கரண்ட் வரவில்லை, பேட்டரியும் படுத்துவிட்டது. முதலாளி மதுரையில். அந்த நேரம் பார்த்துப் பெங்களூரிலிருந்து போன். இவன் எடுத்தான். "அனுப்பியாச்சு சார்! வந்துக்கிட்டு இருக்கும் சார்!" என்று அடித்துவிட்டு வைத்தான். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அனுப்புவது இருக்கட்டும், இன்னும் எழுதியே முடிக்கவில்லை. அதுவரை எழுதினது இருந்த பென் டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு, அவன் என்னைத் தள்ளிக்கொண்டு போய் பைக்கில் ஏற்றினான். பெரியகுளத்தில் அந்த நேரம் கரண்ட் இருக்கும். அங்கே ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மிச்சத்தை அவன் எழுத எழுத நான் பார்த்துச் சொன்னேன். அனுப்பிவிட்டோம். "கெடச்சிருச்சு, ஒங்க ஊர்ல நெட்டு ரொம்ப ஸ்லோவோ?" என்று பெங்களூர்க்காரர் கேட்டார். "ஆமா சார், இங்கன எல்லாமே அப்பிடித்தான் சார்" என்றான் இவன்.

திரும்பி வரும்போது பின்னால் உட்கார்ந்துகொண்டு நான் வழி முழுக்கத் திட்டினேன். அவன் தலையைத் திருப்பாமலே கேட்டான்: "இன்னும் ஆகல சார்னு நான் சொல்லியிருந்தா, நீ வண்டியில ஏறியிருப்பியா பங்காளி?"

ஏறியிருக்க மாட்டேன். அது உண்மைதான். அந்த வேலை போயிருக்கும், கூடவே எங்கள் ஆபீஸும் போயிருக்கும். அதனால் எனக்கு அவன் மேல் ஒரு பிரியம் வந்தது, மறைப்பானேன். ஆனால் பிரியம் வந்த இடத்திலேயே சந்தேகமும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

இப்படி இருக்கையில் ஒரு திங்கட்கிழமை காலையில் ஆபீசுக்குள் நுழைகிறேன், அவன் எழுந்து நின்று, "வாங்க மச்சான்" என்றான்.

எனக்குப் புரியவில்லை. நேற்று வரை பங்காளி, வாடா போடா. இன்றைக்கு என்ன மச்சான், அதுவும் வாங்க போங்க? அவனிடம் கேட்டதற்குச் சிரித்தான், சொல்லவில்லை. சாயங்காலம் ஊருக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. எங்கள் ஊர் கம்பத்துக்குப் பக்கத்தில். அப்பாவுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம். அவனுக்குச் சின்னமனூர், வீட்டில் வாழை விவசாயம். தரகர் ஒருவர் அவன் ஜாதகத்தை என் தங்கைக்குக் கொண்டுவந்திருக்கிறார். பொருத்தம் பார்க்கக்கூட இன்னும் கொடுக்கவில்லை, அதற்குள் இவன் என்னை மச்சான் ஆக்கிவிட்டான். அண்ணன் தம்பி முறை வைத்துக் கூப்பிட்டுவிட்டு அந்த வீட்டில் பெண் எடுக்க முடியாதில்லையா, முந்திக்கொண்டு முறையைத் திருத்திவிட்டான்.

அப்பா பந்தலுக்கு அடியில் நின்று கவாத்து வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்திரியை மடித்து இடுப்பில் செருகினார்.

"ஏப்பா, ஒங்கூட வேல பாக்குற பையனாம்ல. பெங்களூர்ல பெரிய கம்பெனியில வேல ஆயிருச்சாம். சம்பந்தகாரரு சொல்லிவிட்டிருக்காக. ஒனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரிந்ததெல்லாம், முந்தின மாதம் லீவு போட்டுவிட்டுப் பெங்களூர் போய் ஒரு இன்டர்வியூ கொடுத்துவிட்டு வந்தான் என்பதுதான். வேலை கிடைத்ததாக என்னிடம் சொல்லவில்லை. சொன்னாலும் நான் நம்பியிருக்கவா போகிறேன்?

"தெரியலப்பா."

"கூடவே ஒக்காந்திருக்க, தெரியலைங்குற! சரி, ஆளு எப்பிடி? நம்பலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லு."

ஒன்று ஆமாம், இல்லை என்றால் இல்லை, நடுவில் எதுவும் கிடையாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன் நான். அப்பா கேட்டது அப்படிப்பட்ட சுத்தமான கேள்விதான். எனக்குப் பதில் வரவில்லை.

"ரெண்டுல ஒண்ணு சொல்லத் தெரியாதவன்லாம் என்னத்த கம்ப்யூட்டர் படிச்சியோ" என்று அப்பா கத்திரியைத் திரும்ப எடுத்தார். அன்றைக்கே ஊருக்குள் பாதிப் பேருக்கு 'பெங்களூர் மாப்பிள்ளை' என்று சொல்லி முடித்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

என் தங்கை உத்தமபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளிடம் என்னால் எதையும் மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது என்று நினைத்தேன். வாழப்போகிறவள் அவள். போனில் அந்த ஜீப் விளையாட்டைப் போட்டு அவள் கையில் கொடுத்தேன். ஃபிளாக் என்றால் என்ன, அவன் எப்படி வைப்பான், டீ, கேட், நிழற்குடை, பெரியகுளம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஜீப்பை ஓட்டிக்கொண்டே கேட்டாள். நிழற்குடைக்கு வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரிக்காத. வேல ஆச்சுன்னு சொல்றதும் இந்த மாதிரி ஒரு ஆச்சாத்தான் இருக்கும்."

"இருக்கட்டும்ணே. ஆக்கிருவாகல்ல? எப்பவும் ஆக்கிருறாகன்னுதான சொல்றீக."

"ஆகலேன்னா?"

அவள் சிரிப்பதை நிறுத்தினாள். போனை மடியில் வைத்தாள். "ஆகலேன்னா என்னன்னு அவுக எழுதவே மாட்டாகளா?" என்று கேட்டாள்.

"எழுதுனதே இல்ல."

"அப்ப அத நானே கேட்டுக்கிறேன்" என்றாள்.

பெண் பார்க்க வந்தார்கள். அவன், அவன் அப்பா அம்மா, தாய்மாமன். இவன் வழக்கம்போலப் பளிச்சென்று இருந்தான். எங்கள் அம்மாவுக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. "பையன் என்ன லச்சணமா இருக்கான்!" என்று அடுப்படியில் என் காதில் ஊதினாள். தங்கை காபி கொடுத்துவிட்டு அம்மா பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். பேச்சு பெங்களூரில் வீடு பிடிப்பது வரைக்கும் போய்விட்டது. அவன் அப்பா, "போயிச் சேரவேண்டியதுதான் பாக்கி" என்றார். என் அப்பா பெருந்தன்மையாக, "ஆத்தா, நீயும் ஏதாச்சும் கேக்கணும்னா கேளும்மா" என்றார். சும்மா ஒரு மரியாதைக்குச் சொல்வது. எந்தப் பெண்ணும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

இவள் நிமிர்ந்து அவனைப் பார்த்துக் கேட்டாள்: "அந்த வேல கெடைக்கலேன்னா என்ன செய்வீக?"

அம்மா அவள் தொடையில் கிள்ளியதை நான் பார்த்தேன். அவன் அப்பா முந்திக்கொண்டு, "அதான் ஆயிருச்சேம்மா" என்றார். அவன் என்னைப் பார்த்தான். இந்தக் கேள்வி எங்கே முளைத்தது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவன் கை சட்டைப் பைக்கு, சீப்புக்குப் போனது. எடுக்கவில்லை. சிரித்துக்கொண்டே 'ஆகும்ங்க' என்று சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிப்போயிருந்தது.

"இன்னும் ஆகலீங்க" என்றான்.

அவன் அப்பா, "ஏலே!" என்றார்.

"இல்லப்பா. ஆகல. இன்டர்வியூ நல்லா போச்சுங்க, கூப்பிடுவாகன்னு நெனைச்சேன். அதான் ஆச்சுன்னு வீட்டுல சொன்னேன். கூப்பிடலேன்னா..." அவன் நிறுத்தினான். தங்கையைப் பார்த்துத்தான் பேசினான், வேறு யாரையும் பார்க்கவில்லை. "கூப்பிடலேன்னா என்ன செய்யுறதுன்னு நான் யோசிச்சதே இல்லீங்க. இப்பத்தான் யோசிக்கிறேன்."

அவன் அப்பாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அந்த மனிதர் நிஜமாகவே நம்பித்தான் வந்திருக்கிறார். என் அப்பா சத்தம் போடவில்லை, போட்டிருந்தால்கூடத் தேவலை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வேல ஆகட்டும். ஆனப்பெறகு வாங்க, பேசிக்கிருவோம்" என்றார். சொன்ன தோரணையில் 'வராதீர்கள்' என்பது இருந்தது.

அவர்கள் போனதும் வீடு இரண்டுபட்டது. "ஊரெல்லாம் சொல்லியாச்சேடா! நாளைக்கு எவன் மூஞ்சியில முழிப்பேன்?" என்று அப்பா என்னிடம் பாய்ந்தார். "பொய்யச் சொல்லிப் பொண்ணு கேட்டு வந்திருக்கான்."

"இப்ப நெசத்தச் சொல்லிட்டுத்தானப்பா போயிருக்காக" என்றாள் தங்கை. "வாயத் தொறந்து இல்லைன்னு சொன்னாகள்ல. எனக்கு இப்பத்தான் அவுகளப் புடிச்சிருக்கு."

அப்பா கேட்கவில்லை. நானும் அவள் பக்கம் பேசிப் பார்த்தேன். ஆமாம், நான்தான், போலீஸ்காரன்தான். "நேத்து வரைக்கும் தெரியலைன்ன, இன்னைக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்சுச்சு?" என்று அப்பா என் வாயை அடைத்துவிட்டார்.

மறுநாள் ஆபீசில் அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை மச்சான் என்று கூப்பிடவில்லை, பங்காளி என்றும் கூப்பிடவில்லை. "இங்க பாருங்க" என்றான், "இதக் கொஞ்சம் சரியான்னு சொல்லுங்க" என்றான். ஒரு முறையும் இல்லாமல் என்னைக் கூப்பிட்டது எனக்கு வலித்தது. கோபித்துக் கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவன் எழுதின ஸ்கிரிப்டைத் திறந்தால், எல்லா ஃபிளாக்கும் ஃபால்ஸில் ஆரம்பிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 'இல்லையென்றால்' எழுதியிருக்கிறான். கேட் திறக்காவிட்டால் ஜீப் நிற்கும். கடைசிப் பெண் ஏறாவிட்டால் ஜீப் நிற்கும். மழை விடாவிட்டால் நிற்கும். ஒரு தப்புக்கூட இல்லை, நானே எழுதினது மாதிரி இருந்தது. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

டீ வேண்டுமென்றால் இப்போது ஜன்னலுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்து, பேசாமல் உட்கார்ந்துகொள்வான். கிளாஸ் வந்த பிறகுதான் நமக்குத் தெரியும். முதலாளி ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அந்த வேலை அவனுக்குக் கிடைத்தது. முதலாளி சொல்லித்தான் எனக்கே தெரியும். அவன் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அப்பாவுக்குச் செய்தி எப்படியோ எட்டிவிட்டது. ராத்திரி சாப்பாட்டில் உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, தங்கை உள்ளே இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஏப்பா, அந்தச் சின்னமனூர்ப் பையன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாரு. நான்தான் ஆனப்பெறகு வாங்கன்னு சொல்லியிருந்தேன்ல. தப்பில்ல, கேளு."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வருவது சின்ன விஷயமில்லை. தங்கை அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்த சத்தம் அப்போதே நின்றுவிட்டது.

தேனி பஸ் ஸ்டாண்டில், சாயங்காலம் பெங்களூர் பஸ்ஸுக்கு அவன் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தபோது போய்ப் பிடித்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். அப்பா சொல்லிவிட்டார் என்றேன். தங்கைக்கு அன்றைக்கே சம்மதம்தான் என்றும் சொன்னேன்.

அவன் கொஞ்ச நேரம் பஸ் வரும் பக்கமே பார்த்தான். பிறகு, "எனக்கு நிச்சயம் ஆச்சுங்க" என்றான்.

"எப்ப?"

"போன வாரம்."

"எந்த ஊர்ப் பொண்ணு?"

அவன் சீப்பை எடுத்தான். வாரிக்கொண்டான். "போடிப் பக்கம்" என்றான். என் கையைப் பிடித்து, "அப்பாவ ஒண்ணும் நெனைக்க வேணாம்னு சொல்லுங்க" என்றான். பஸ் வந்தது. ஏறிவிட்டான். ஜன்னலோரம் உட்கார்ந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. பெங்களூர் போனவன் நம்பரை மாற்றிவிட்டான், அதற்குப் பிறகு இன்று வரை அவனை நான் பார்க்கவில்லை.

அன்று வீடு திரும்புகிற வழி முழுக்க எனக்கு ஒரே அரிப்பு. சின்னமனூரில் ஒரு பையனுக்கு நிச்சயமானால் எங்கள் தரகருக்குத் தெரியாமல் இருக்குமா? போன வாரம் முழுக்க அவன் ஆபீசில் என் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தான்? ஞாயிற்றுக்கிழமைகூட வந்து மிச்ச வேலையை முடித்துக் கொடுத்தானே, எந்த நாளில் நிச்சயம் நடந்தது? போடியில் எந்தத் தெரு, யார் வீடு? தரகருக்கு ஒரு போன் போட்டால் முடிந்தது, ஆமாமா இல்லையா என்று தெரிந்துவிடும். போனைக் கையில் வைத்துக்கொண்டேதான் வீட்டுக்குள் நுழைந்தேன்.

தங்கை குழம்பு கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். "நிச்சயம் ஆச்சுங்கிறான். எனக்கென்னமோ பொய்யின்னுதான் படுது. நீ இரு, ஒரே நிமிசம், தரகரக் கேட்டுருவோம்" என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, என் கையிலிருந்து போனை வாங்கி அலமாரியில் வைத்தாள்.

"அவுக சொன்னது நெசமா இருந்தா, நான் வேணாம்னு அர்த்தம். பொய்யா இருந்தாலும், நான் வேணாம்னுதான் அர்த்தம். எதுக்குண்ணே கேட்டுக்கிட்டு?" என்றாள்.

எனக்குத்தான் அழுகை வந்தது. அவள் அழவில்லை. எல்லோருக்கும் இலை போட்டுப் பரிமாறினாள். குழம்பில் உப்பு இல்லை. அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். யாரும் எதுவும் கேட்காமல் சாப்பிட்டு முடித்தோம்.